கன்னியாகுமரி அறை பில்லில் சேவைக் கட்டணம்

வணக்கம் அண்ணா. கன்னியாகுமரியில் அறையைக் காலி செய்யும்போது சேவைக் கட்டணம் கட்டாயம் என்று 10 சதவீதம் கூடுதலாக வாங்கிவிட்டார்கள் என எழுதியிருந்தீர்கள். கட்டாயமே கிடையாது. ஓட்டல்கள் இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜிஎஸ்டி வேறு, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

என் அக்கா குடும்பம் சூரிய உதயம் பார்க்க வந்தபோதும் இதே கதைதான். அந்த ஒரு வரியில் விரலை வைத்து, "இதை எடுத்துட்டு வேற பில் போடுங்க" என்றேன். முகம் சுளித்த ஓட்டல்காரர், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்க நான் போனை எடுத்ததும் மாற்றித் தந்தார். நீங்கள் கட்டிவிட்டாலும் பரவாயில்லை, பில்லை வைத்து அதே எண்ணில் இன்றே புகார் கொடுங்கள். அப்புறம், அடுத்த முறை மொத்தம் எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.