ரவுட்டர் பக்கத்தில் போனை வைத்தால் சார்ஜ் ஏறுமா?

கேள்வி: காற்றில் இருக்கும் வைஃபை அலையிலிருந்தே மின்சாரம் எடுத்து செல்போனை சார்ஜ் செய்யலாம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான், ஆயுசு இருந்தால். ரவுட்டர் வெளியே விடுவது சுமார் 100 மில்லிவாட். அதுவும் நாலாபக்கமும் சிதறிப் போகிறது. ஒரு மீட்டர் தள்ளி சின்ன ஆன்டெனா வைத்தால் 10 மைக்ரோவாட் தேறும், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பத்து மீட்டர் தள்ளினால் அதிலும் நூறில் ஒரு பங்கு. ஒரு மீட்டரிலேயே வைத்து, துளி நஷ்டமில்லாமல் சேர்த்தாலும் 5000 எம்ஏஹெச் பேட்டரி நிறைய 200 வருஷத்துக்கு மேல் ஆகும். எள்ளுப்பேரன் எடுத்துப் பேசட்டும்.

அதற்காக சமாச்சாரத்தையே பொய் என்று சொல்லிவிட மாட்டேன். பதிமூன்று வயதில் ஓர் அட்டைக் குழாயில் செம்புக் கம்பி சுற்றி, ஒரு ஜெர்மானியம் டயோடு, ஒரு இயர்போன் சேர்த்து ரேடியோ செய்தேன். பேட்டரி கிடையாது. எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியதும் காதுக்குள் யாரோ செய்தி வாசித்தார். அந்தக் குரலை ஓட்டிய சக்தி முழுக்க ஒலிபரப்பு அலை கொடுத்ததுதான். மணிக்கொரு தரம் வெப்பநிலையைச் சொல்லும் சென்சாருக்கு இந்த மாதிரிச் சில்லறை போதும்.

கேள்வி: ஒருவருக்கு ஒதுக்கிய அலைக்கற்றையை இன்னொருவர் பகிர்ந்துகொள்வது எப்படி? இடைஞ்சல் வராதா?

அலைக்கற்றைக்குச் சொந்தக்காரர் சும்மா இருக்கும்போது பகிர வந்த விருந்தாளி பேசலாம், அவர் வாயைத் திறந்தால் இவர் மூடிக்கொள்ள வேண்டும். ஏற்பாடு இவ்வளவே. எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். சொந்தக்காரர் பேசும் நேரத்தில் விருந்தாளி அந்த அலையையே அறுவடை செய்து கெபாசிட்டர் என்ற மின்சேமிப்பானில் சேர்க்கிறார். அவர் ஓய்ந்ததும் சேர்த்ததைச் செலவழித்துத் தன் சேதியை அனுப்புகிறார். வழக்கமாகத் தொல்லை என்று திட்டும் சத்தமே இங்கே சாப்பாடு.

சிக்கல், நேரத்தைப் பங்கிடுவதில்தான். காது கொடுத்துக் கேட்பதற்கும் சக்தி வேண்டும். சேர்ப்பதற்கு எவ்வளவு நேரம், பேசுவதற்கு எவ்வளவு நேரம்? பேராசைப்பட்டுச் சேர்த்துக்கொண்டே இருந்தால் பேசும் வாய்ப்பு போய்விடும்.

இன்னொரு வில்லங்கம்: விருந்தாளி கனத்த சுவருக்குப் பின்னால் இருந்தால் சொந்தக்காரர் பேசுவதே கேட்காது. யாருமில்லை என்று நினைத்து இவர் ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை பகிரும்போது அவரவர் காதை மட்டும் நம்பவில்லை. யார் எப்போது பேசலாம் என்று ஒரு மைய ஏற்பாடு சொல்கிறது. கடற்படை ரேடாருக்கு முதல் மரியாதை, ஏலத்தில் உரிமம் எடுத்தவர்கள் அடுத்து, மற்றவர்கள் கடைசிப் பந்தியில்.

கேள்வி: பேட்டரியே இல்லாத கருவி சேதி அனுப்புமா?

1945-ல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரை ஒன்று பரிசாக வந்தது. சோவியத் சிறுவர்கள் கொடுத்தது. உள்ளே சோவியத் விஞ்ஞானி லியோன் தெரமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்பான். பேட்டரியும் இல்லை, ஒயரும் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலை அடித்தால், அறையில் பேசும் குரலுக்கேற்ப ஒரு மெல்லிய தகடு அதிர, திரும்பும் அலை மாறும். 1952-ல்தான் அகப்பட்டது. 2013-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், காற்றில் ஏற்கெனவே இருக்கும் டிவி அலையைப் பிரதிபலித்தே பேட்டரியில்லாத இரு கருவிகளைப் பேச வைத்தார்கள். தனி ஒலிபரப்பி தேவைப்படவில்லை.