கேள்வி-பதில்: குடும்பத்தோடு துபாய் செல்வோருக்குப் பள்ளியும் குழந்தைக் காப்பகமும்

கேள்வி: கீழக்கரையில் வசிக்கிறேன். என் கணவர் துபாயில் 5,500 திர்ஹம் சம்பளத்தில் வேலை பார்க்கிறார். மாநிலப் பாடத்திட்டத்தில் ஐந்தாம் வகுப்பு முடிக்கவிருக்கும் மகனையும் இரண்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஜூன் மாதம் அங்கே குடியேற எண்ணியிருக்கிறோம். நானும் வேலைக்குச் செல்ல விரும்புகிறேன். வாடகை குறைவு என்பதால் ஷார்ஜாவில் வீடு பார்க்கிறார்கள். பள்ளியையும் காப்பகத்தையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: குடும்பத்தை அழைத்துக்கொள்ள 4,000 திர்ஹம் சம்பளமோ, 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தாலோ போதும் என்பதால், சம்பளத்தைப் பொறுத்தவரை விசாவுக்குத் தடை இராது. பள்ளிச் செலவுதான் கையைக் கடிக்கும். எனவே வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடும் நம்மூர் வழக்கத்தை விட்டுவிட்டு, பள்ளியில் இடம் உறுதியான பிறகே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்படி கணவரிடம் சொல்லுங்கள். ஷார்ஜாவில் குடியிருந்துகொண்டு துபாய்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காலையிலும் மாலையிலும் அந்தச் சாலையில் நிற்கும் வாகன வரிசையில் பத்து வயதுப் பிள்ளை சோர்ந்துபோவான்.

ஜூன் மாதம் பொருத்தமானதன்று. அமீரகத்தின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கி, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கோடை விடுமுறை விடுகின்றன. ஜூனில் போனால் சில வாரங்கள் வகுப்புக்குச் சென்றுவிட்டு, கொளுத்தும் வெயிலில் இரண்டு மாதம் வீட்டுக்குள் அடைந்துகிடக்க நேரும். ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலிலேயே செல்லுங்கள். இயலாவிட்டால் ஆகஸ்ட் இறுதியில் பள்ளி மீண்டும் திறக்கும்போது சேருங்கள். அப்போது ஆறாம் வகுப்பில் இடம் உண்டா என்பதற்கான பதிலை மின்னஞ்சலில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

துபாயில் தனியார் பள்ளிகளைக் கே.எச்.டி.ஏ. என்னும் அரசு ஆணையம் கண்காணிக்கிறது. ஒவ்வொரு பள்ளியின் கட்டண விவரத் தாளும் ஆய்வறிக்கையும் அதன் இணையதளத்தில் கிடைக்கும். புதிதாகச் சேரும் பிள்ளைக்கான பதிவுத் தொகை ஆண்டுக் கட்டணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பின்னர் அது கட்டணத்தில் கழிக்கப்பட வேண்டும். கட்டணம் 8,000 திர்ஹம் என்றால் 800 திர்ஹத்துக்கு மேல் கேட்க இயலாது. ஆனால் பேருந்து, சீருடை, புத்தகம் ஆகியவற்றின் செலவு இதற்கு வெளியே நிற்பது. பேருந்துக் கட்டணத்தைக் கூட்டாமல் இரு பள்ளிகளை ஒப்பிடுவது வீண் வேலை. ஷார்ஜாப் பள்ளிகள் வேறு ஆணையத்தின் கீழ் வருவதால் துபாய் விதிகளைக் காட்டி அங்கே வாதாடக் கூடாது.

பலர் கேட்கத் தவறுவது இரண்டாம் மொழியைப் பற்றி. இந்தியப் பள்ளிகள் பலவற்றில் இந்தி கீழ் வகுப்புகளிலேயே தொடங்கிவிடுகிறது. அரபு மொழிப் பாடமும் கட்டாயம். இவ்விரண்டையும் அறியாமல் ஆறாம் வகுப்பில் நுழையும் உங்கள் மகன், ஏற்கெனவே சில ஆண்டுகள் படித்துவிட்ட பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்கும். இரண்டாம் மொழியாகத் தமிழ் உள்ள பள்ளி எட்டும் தூரத்தில் இருந்தால், ஆய்வறிக்கையில் ஒரு படி குறைந்த மதிப்பீடு பெற்றிருந்தாலும் அதையே தேர்ந்தெடுப்பேன். வளைகுடா வேலை எந்த ஆண்டில் முடியும் என்பது யார் கையிலும் இல்லை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தை ஒட்டி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் ஒரு பாடம் என்பதால், திரும்பி வரும் பிள்ளை அதில்தான் முதலில் தடுமாறுகிறான்.

மாற்றுச் சான்றிதழில் கல்வி அலுவலரின் மேலொப்பம், வெளியுறவுத் துறையின் சான்றொப்பம், அமீரகத் தூதரகத்தின் முத்திரை என்று எதுவரை வேண்டும் எனச் சேர்க்கும் பள்ளியிடமே கேளுங்கள். பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் தந்தை பெயரிலுள்ள ‘முகம்மது’ அதில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும், கடவுச்சீட்டில் வேறொன்றிலும் இருப்பது சர்வசாதாரணம். திருத்துவதானால் ஊரில் இருக்கும்போதே நகராட்சியில் திருத்திவிட வேண்டும். அங்கே போன பிறகு அது பெரும் அலைச்சல்.

மகளைப் பொறுத்தவரை, உங்களுக்குக் கிடைக்கும் சம்பளத்திலிருந்து காப்பகக் கட்டணத்தையும் போக்குவரத்தையும் கழித்துவிட்டு மிஞ்சுவதைப் பாருங்கள். சொற்பமே மிஞ்சுமானால், அவள் மழலையர் வகுப்பில் சேரும் வயது வரை, அதாவது நான்கு வயது வரை, நீங்கள் வீட்டில் இருப்பதே லாபம். காப்பகத்தில் சேர்ப்பதாக இருந்தால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடுக்குமாடி வீட்டில் ஐந்தாறு பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உரிமம் இல்லையென்றால் அது சட்டத்துக்குப் புறம்பானது. கோடையில் திறந்திருக்குமா, மாலை எத்தனை மணி வரை என்பவற்றையும் கேளுங்கள். ஷார்ஜாவில் 2022 முதல் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அரசு விடுமுறை. துபாயிலோ வெள்ளிக்கிழமை அரை நாள் வேலை உண்டு. நீங்கள் துபாயில் வேலைக்குச் சேர்ந்தால் வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஊரிலிருந்து ஒரு பெண்ணைச் சுற்றுலா விசாவில் அழைத்துவந்து பிள்ளை பார்க்க வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அபராதம் உங்கள் ஆண்டு வருமானத்தையே விழுங்கிவிடும்.

கேள்வி: துபாய்ப் பள்ளியில் இடமும் சான்றொப்பமும் வாங்கித் தருவதாகச் சொல்லி ராமநாதபுரத்தில் ஒரு முகவர் 40,000 ரூபாய் பெற்றுக்கொண்டார். இரண்டும் நடக்கவில்லை; பணத்தையும் தர மறுக்கிறார். என்ன செய்யலாம்? (தொண்டி வாசகர்)

பதில்: பள்ளிகள் பெற்றோரிடமிருந்து நேரடியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன, இடத்துக்கு முகவர் தேவையே இல்லை. கெடு குறித்து, பணத்தைத் திருப்பித் தரும்படி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். பயனில்லையெனில் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். ரசீது தராதிருந்தால் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அச்செடுத்து இணையுங்கள். முகவரிடம் கொடுத்த அசல் சான்றிதழ்களின் பட்டியலையும் கடிதத்திலேயே குறிப்பிட்டுக் கேளுங்கள். பணத்தைவிட அவற்றை முதலில் மீட்பதே உங்கள் பிள்ளைக்கு அவசரம்.