சிவப்பு போனால் நோய் போனதாகாது: ஐரைடிஸ் கேள்வி பதில்

ஐரைடிஸ், யுவைடிஸ் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். கண்பாப்பாவை, அதாவது நடுவில் இருக்கும் கறுப்புத் துளையைச் சுற்றியுள்ள நிறமுள்ள வளையம்தான் ஐரிஸ், அதில் வரும் அழற்சி ஐரைடிஸ். ஐரிஸும் அதற்குப் பின்னால் தொடரும் அடுக்கும் சேர்ந்த பகுதியில் எங்கே அழற்சி வந்தாலும் யுவைடிஸ். நான் கண் மருத்துவர், என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இந்த நோய்க்காரர்கள்தான். இங்கே படித்துவிட்டு யாரும் ஒரு மருந்தைத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு மூன்றாவது முறையாக ஐரைடிஸ். சொட்டு மருந்து விட்டால் நாலே நாளில் சரியாகிவிடுகிறது, நிறுத்தி மூன்று வாரத்தில் மறுபடி வருகிறது. ஏன் டாக்டர்?

மூன்று முறை வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முதலில் வந்ததே இன்னும் போகவில்லை. வலியும் சிவப்பும் சீக்கிரம் அடங்கிவிடும், உள்ளே இருக்கும் அழற்சி அடங்க வாரக்கணக்கில் ஆகும். ஸ்லிட் லாம்பில், அதாவது கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவியில், நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று சொன்னால் புரியும். அறையை இருட்டாக்கி, 1 மி.மீ.க்கு 1 மி.மீ. அளவுள்ள ஓர் ஒளிக்கீற்றை, கார்னியாவுக்கும் (கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் படலம்) ஐரிஸுக்கும் நடுவில் இருக்கும் நீரில் சாய்வாக விடுவோம். நல்ல கண்ணில் அந்த இடம் வெறும் கறுப்பாகத் தெரியும். ஐரைடிஸ் உள்ள கண்ணில், கதவிடுக்கு வழியாக விழும் வெயிலில் தூசி மிதக்குமே, அதுமாதிரி வெள்ளணுக்கள் மிதக்கும். ஐரிஸ் பக்கம் சூடு கொஞ்சம் அதிகம், கார்னியா பக்கம் குறைவு, அதனால் அந்த நீர் சுழன்றுகொண்டே இருக்கும், அணுக்களும் ஒரு பக்கம் மெதுவாக ஏறி மறுபக்கம் இறங்கும். அந்தக் கீற்றுக்குள் எத்தனை என்று எண்ணுவோம். 6 முதல் 15 வரை 1+, 16 முதல் 25 வரை 2+, 50க்கு மேல் போனால் 4+. உங்கள் சீட்டில் ‘செல்ஸ் 2+’ என்று எழுதியிருப்பது இதைத்தான்.

கண் வெள்ளை வெளேர் என்று இருக்கும், உள்ளே 1+ ஓடிக்கொண்டிருக்கும். கண்ணாடியில் பார்த்து முடிவெடுக்க முடியாது என்பது இதனால்தான். மருந்தை நிறுத்தி 3 மாதத்துக்குள் திரும்பினால் அது நாட்பட்ட அழற்சி. மருந்தே இல்லாமல் 3 மாதமாவது அமைதியாக இருந்துவிட்டு அப்புறம் வந்தால்தான் அது மறுபடி வந்த கணக்கு. பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 2005இல் வெளியிட்ட வரையறை இது. உங்களுடையது முதல் வகை. முதலில் அடிக்கடி விட்டு, அணுக்கள் போன பிறகு படிப்படியாக, வாரத்துக்கு ஒரு படி என்ற மாதிரி இறக்க வேண்டும், சிலருக்கு அதைவிட மெதுவாக. இன்னொன்று, பிரெட்னிசலோன் அசிடேட் என்ற ஸ்டீராய்டு சொட்டு என்றால் மருந்து பாட்டிலின் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் விட்டால் சேரவேண்டிய அளவு மருந்து கண்ணுக்குச் சேராது. நன்றாகக் குலுக்குங்கள்.

கேள்வி: கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு எதற்கு? விட்டால் படிக்க முடியவில்லை, வெளிச்சம் கூசுகிறது. அதை மட்டும் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஐரிஸுக்குப் பின்னாலேயே லென்ஸ் இருக்கிறது. அழற்சியின்போது கசியும் புரதம் பசை மாதிரி வேலை செய்யும், பாப்பாவின் விளிம்பு லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். ஹோமட்ரோபின், அட்ரோபின் எல்லாம் பாப்பாவை விரித்து வைத்து அந்த ஒட்டலைத் தடுப்பவை, வலிக்குக் காரணமான தசைப் பிடிப்பையும் தளர்த்துபவை. தாமதமாக வருபவர்களுக்கு இந்தச் சொட்டை விட்டு அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் பாப்பா வட்டமாக விரியாது. ஒட்டாத இடம் மட்டும் வெளியே போகும், ஒட்டிய இடம் அங்கேயே நிற்கும், இதழ் இதழாக ஒரு பூ மாதிரி. சில நேரம் நம் கண்ணெதிரே ஓர் ஒட்டல் பட்டென்று விடுபட்டு, லென்ஸின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு தடம் மட்டும் மிச்சமாகும். பல வருடம் கழித்துப் பார்த்தாலும் அந்தத் தடத்தை வைத்தே இந்தக் கண்ணில் ஐரைடிஸ் வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். சுற்றிலும் முழுக்க ஒட்டிவிட்டால் என்ன ஆகும் என்பது கீழே வரும்.

கேள்வி: கண் சிவந்திருக்கிறது, என்ன சொட்டு விடலாம்?

பார்க்காமல் சொல்ல முடியாது. பீளையும் உறுத்தலும் இருந்தால் மெட்ராஸ் ஐயாக இருக்கலாம். பீளை இல்லாமல் வலி, வெளிச்சக் கூச்சம், கருவிழியை ஒட்டிய சிவப்பு, மங்கல் என்றால் உடனே காட்டுங்கள்.

கேள்வி: ஹெச்எல்ஏ பி27 பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது. குழந்தைகளுக்கும் எடுத்துப் பார்க்கட்டுமா?

திடீரென்று வரும் முன்பக்க யுவைடிஸில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த மரபணு இருக்கும். ஆனால் மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்த நோயும் வருவதில்லை. தொந்தரவு எதுவும் இல்லாத குழந்தைக்கு இந்தச் சோதனை வேண்டாம். உங்களைத்தான் ஒன்று கேட்க வேண்டும். காலையில் எழும்போது இடுப்பும் முதுகும் இறுகிப்போய், நடமாட நடமாட இளகுகிறதா? ஓய்வெடுத்தால் வலி கூடுகிறதா? ஆமாம் என்றால் மூட்டு மருத்துவரைப் பாருங்கள். தண்டுவட மூட்டுவாதம் கண் வழியாக முதலில் கண்டுபிடிக்கப்படுவது உண்டு.

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது, முழங்கால் வீக்கம், மூட்டுவாதம் என்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டச் சொல்கிறார்கள். அவளுக்குக் கண்ணில் ஒன்றுமே இல்லையே, அவசியமா?

அவசியம் அம்மா. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்காகவே இந்த முழுப் பதிவும் எழுதியது வீண்போகவில்லை. குழந்தை மூட்டுவாதத்தோடு வரும் யுவைடிஸில் பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது. குழந்தை ஓடி விளையாடும், நாலு வயதுக்கு ‘மங்கலாகத் தெரிகிறது’ என்று சொல்லவும் தெரியாது. ஒட்டல், புரை, கார்னியாவின் குறுக்கே சுண்ணாம்பு படிந்த வெள்ளைப் பட்டை, எல்லாம் சத்தமில்லாமல் வரும். பட்டை வெளியே தெரிந்து கூட்டிவருவார்கள், அதற்குள் நிறைய இழந்திருப்போம். ஏஎன்ஏ என்ற ரத்தச் சோதனை பாசிட்டிவாக உள்ள சிறு குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம், 3 மாதக் கணக்கு அதனால்தான். அழற்சி வந்தாலும் வழி இருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தியின் வேகத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட், அது போதாவிட்டால் அதோடு அடாலிமுமாப் ஊசி. 2017இல் வெளியான ஆய்வில், இந்தக் குழந்தைகளுக்கு மெத்தோட்ரெக்சேட்டோடு இந்த ஊசியையும் சேர்த்தபோது அழற்சி நன்றாகக் கட்டுப்பட்டது. ஒரு தேதியையும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: எதைச் சாப்பிடக் கூடாது?

இந்த நோய்க்கென்று பத்தியம் கிடையாது. புகை பிடித்தால் நிறுத்துங்கள்.

கேள்வி: ஸ்டீராய்டு சொட்டு விஷம் என்பதை ஏன் மறைக்கிறீர்கள்? அதைப் போட்டுத்தான் எனக்குக் கண் அழுத்தம் ஏறியது. எட்டு மாதம் முன்பு எல்லாவற்றையும் நானே நிறுத்தினேன். இன்றுவரை சிவப்பே இல்லை.

மறைக்கவில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஸ்டீராய்டு சொட்டால் அழுத்தம் ஓரளவு ஏறும், சிலருக்கு நன்றாகவே ஏறும். லென்ஸின் பின்பக்கம் புரையும் வரும். ஆனால் அழற்சியும் தன் பங்குக்கு அழுத்தத்தை ஏற்றும். அணுக்களும் கசடும் நீர் வடியும் பாதையை அடைக்கும். அழுத்தம் ஏறினால் வேறு ஸ்டீராய்டுக்கு மாற்றலாம், அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு சேர்க்கலாம், மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைக்குப் போய் சொட்டைக் குறைக்கலாம். எல்லாவற்றையும் நீங்களே நிறுத்துவது இந்த வழிகளில் சேராது.

இன்னொருவர்: அவர் சொல்வதுதான் சரி. என் அத்தைக்கு இந்தச் சொட்டால்தான் பார்வை போனது.

எப்படி என்று உங்களிடம் கேட்டேன், பழைய சீட்டைக் காட்டியே இரண்டு வருடம் வாங்கிப் போட்டாராம், ஒருமுறைகூட அழுத்தம் பார்க்கவில்லை என்று எழுதினீர்கள். மிகவும் வருத்தமாக இருக்கிறது. படிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன், ஸ்டீராய்டு சொட்டைப் பழைய சீட்டில் வாங்காதீர்கள், அடுத்தவர் பாட்டிலை விடாதீர்கள். ஹெர்பீஸ் வைரஸால் கார்னியாவில் புண் இருந்து, அதன் மேல் வெறும் ஸ்டீராய்டை விட்டால் கார்னியாவே கெட்டுப்போகும்.

ஸ்டீராய்டு விஷம் என்றவர்: நீங்கள் மருந்தின் பக்கம்தான் பேசுவீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். சாயங்காலம் விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி தெரிகிறது, லேசாகத் தலைவலி, அவ்வளவுதான்.

வாதத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால் அழுத்தம் ஏறி கார்னியாவில் நீர் கோத்திருக்கலாம். நீங்கள் சொல்வது சரியா நான் சொல்வது சரியா என்பது இப்போது முக்கியமில்லை. இன்றைக்கே, பக்கத்தில் எந்தக் கண் மருத்துவர் இருந்தாலும் சரி, போய் அழுத்தத்தை மட்டுமாவது அளந்து பாருங்கள். தயவுசெய்து.

கேள்வி: ஒரு கண்ணின் நிறம் வெளுத்திருக்கிறது, வலி இல்லை. ஃபுக்ஸ் என்கிறார்கள்.

1906இல் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் என்ற கண் மருத்துவர் விவரித்த யுவைடிஸ் வகை. நம்மைப் போல அடர்பழுப்பு ஐரிஸில் நிற மாற்றம் சட்டென்று தெரியாது, மேற்பரப்பின் மடிப்புகள் மழுங்கி வழவழவென்று இருப்பதுதான் அடையாளம். ஒட்டல் வராது. ஸ்டீராய்டு பெரும்பாலும் பயன்படாது, அதனால் அணுக்கள் தெரிகின்றன என்பதற்காக மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருக்காதீர்கள். புரையும் அழுத்தமும்தான் கவனிக்க வேண்டியவை.

கேள்வி: கண் சிவப்பு, மருந்து பெயர் சொல்லுங்கள் (ஆறு பேர்)

மேலே சொல்லிவிட்டேன். பெயர் சொல்ல மாட்டேன், காட்டுங்கள்.

கேள்வி: யுவைடிஸ் இருக்கிறது, புரை அறுவை எப்போது செய்யலாம்?

குறைந்தது 3 மாதம் அழற்சி இல்லாமல் இருக்க வேண்டும். அவசரப்பட்டு, அணுக்கள் ஓடும் கண்ணில் செய்தால் அப்புறம் அடக்குவது பெரும்பாடு.

கேள்வி: கண்ணில் மின்னல் அடிக்கிறது, ஓரத்தில் திரை மாதிரி இருக்கிறது.

இது ஐரிஸ் விஷயம் இல்லை. விழித்திரை விலகியிருக்கலாம். இன்றே விழித்திரை மருத்துவரிடம் போங்கள்.

முன்பு வாதாடியவர்: போனேன் டாக்டர். இடது கண்ணில் அழுத்தம் 42. பாப்பா சுற்றிலும் ஒட்டிவிட்டதாம், பின்னால் நீர் தேங்கி ஐரிஸ் முன்னால் உப்பியிருக்கிறதாம். மாத்திரையும் சொட்டும் கொடுத்திருக்கிறார்கள், நாளை லேசரில் துளை போடுவார்களாம். வலிக்குமா?

போனீர்களே, அது போதும். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது, 42 என்றால் இன்று பார்த்தது நல்லதாயிற்று. மரத்துப்போகும் சொட்டு விட்டுத்தான் செய்வார்கள், சுருக்கென்று நாலைந்து முறை குத்தும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். பின்னால் மாட்டிக்கொண்ட நீர் அந்தத் துளை வழியாக முன்னால் வந்துவிடும். அழற்சி உள்ள கண்ணில் துளை மறுபடி மூடிக்கொள்வது உண்டு, அதனால் சில நாளில் திரும்ப வரச் சொல்வார்கள், கட்டாயம் போங்கள், மூடியிருந்தால் அறுவை தேவைப்படலாம். ஸ்டீராய்டு சொட்டும் தருவார்கள். இந்த முறை அழுத்தத்தை அளந்துகொண்டே விடுவீர்கள், போன முறை ஏறியதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் வரும் எண்ணைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், வலது கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்றிரவு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். நாளை முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.