கோபம் மட்டுமே தெரிந்த டைனோசர்கள்

அன்புள்ள ஐயா,

நான் கேம் வடிவமைப்பு படிக்கும் மாணவன். 1998-ல் வந்த ‘ஜுராசிக் பார்க்: ட்ரெஸ்பாஸர்’ என்ற கம்ப்யூட்டர் கேமைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தது. ஒரு கேமை எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு உதாரணமாகத்தான் அதைச் சொன்னார்கள். ஆர்வத்தில் ஆடிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் வெறுத்துவிட்டது. நாயகியின் கை ரப்பர் குழாய் மாதிரி வளைகிறது. டைனோசர்கள் குடித்துவிட்டு வந்ததுபோல் தள்ளாடுகின்றன.

ஆனால் தேடிப் பார்த்தால் இதற்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக அதைப் பழுதுபார்க்கிறார்கள், புது லெவல்கள் செய்கிறார்கள், வெட்டி எறியப்பட்ட பகுதிகளைத் தேடி எடுக்கிறார்கள். இதைச் சொன்னபோது என் நண்பன், ‘முயலைக் கொன்ற அம்பைவிட யானைக்குக் குறி வைத்துத் தவறிய வேல் மேல்’ என்றான். எனக்கு அது தோல்விக்குப் பொன்னாடை போர்த்துவதாகவே படுகிறது. நல்ல கேம்கள் எத்தனையோ மறக்கப்பட்டுக் கிடக்கும்போது ஏன் இதை? அத்தனை உழைப்பையும் புதிதாக ஒன்று செய்வதில் போட்டால் என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பொன்னாடை என்ற சொல்லை ரசித்தேன். உங்கள் நண்பரின் வேல் வாதத்தில் எனக்கும் முழுச் சம்மதம் இல்லை. குறி பெரிது என்பதாலேயே தவறியது உயர்ந்ததாகிவிடாது. பெரிதாகக் கனவு கண்டு நாசமாய்ப் போன கேம்கள் ஏராளம். அவற்றுக்கெல்லாம் யாரும் இருபது வருஷம் ஒதுக்கவில்லை. அதனால் ‘ஏன் இது?’ என்று நீங்கள் கேட்பது சரிதான்.

நானும் இதை வெளியாகி ஓரிரு ஆண்டுகள் கழித்து ஆடியிருக்கிறேன். ஒரு பெட்டியைத் தூக்கி இன்னொரு பெட்டியின் மேல் வைக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் பின்னால் ராப்டர் (வேட்டையாடும் டைனோசர் வகை) எதுவும் வராதது என் அதிர்ஷ்டம். அன்று உங்களைப்போலவே மூடி வைத்துவிட்டேன். அதைப் பற்றி மறுபடி யோசிக்கவைத்தவர்கள் இந்த ரசிகர்கள்தான்.

இதைச் செய்தது ட்ரீம்வொர்க்ஸ் இன்டராக்டிவ். வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். தலைமை தாங்கிய சீமஸ் பிளாக்லி இயற்பியல் படித்தவர். பிற்பாடு மைக்ரோசாஃப்டில் எக்ஸ்பாக்ஸ் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். கதை எளிமையானது. ஆன் என்ற பெண் விமான விபத்தில் தப்பி, டைனோசர்களை வளர்த்த தீவில் கரையொதுங்குகிறாள். அங்கிருந்து வெளியேற வேண்டும், அவ்வளவுதான். ஆனுக்குக் குரல் கொடுத்தவர் மின்னி டிரைவர். வழியெங்கும், கதைப்படி டைனோசர் பூங்காவை உருவாக்கிய ஜான் ஹாமண்ட் தன் நினைவுக்குறிப்புகளை வாசிப்பது காதில் விழுகிறது. ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் ஹாமண்டாக நடித்த ரிச்சர்ட் அட்டன்பரோவே வந்து பேசியிருக்கிறார். அந்தக் குரலுக்காகவே சில இடங்களில் சும்மா நின்று கேட்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லா கேம்களும் பொய் சொல்பவை. மேடை நாடகத்தில் தட்டியில் வரைந்த மரம்போல. 1998-ல் கதவு என்றால் ஒரு கீயை அழுத்தினால் அது தானாகத் திறக்கும். உயிர் எவ்வளவு மிச்சம் என்பது திரையின் மூலையில் எண்ணாக நிற்கும். மிருகம் நடப்பது, பாய்வது, சாவது எல்லாம் அனிமேட்டர் முன்கூட்டியே செய்து வைத்தவை. இதில் தவறொன்றும் இல்லை, தொழிலே அதுதான். ட்ரெஸ்பாஸர் குழுவோ இந்தப் பொய்களை முடிந்தவரை சொல்ல மாட்டோம் என்று கிளம்பியது. திரையில் எண்கள் கிடையாது. துப்பாக்கியில் எத்தனை குண்டு மிச்சம் என்பதை ஆன் வாய்விட்டுச் சொல்வாள். உயிரின் அளவைப் பார்க்க அவள் மார்பில் பச்சை குத்திய இதயத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். (அந்த முடிவின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ரசனைதான் புரியவில்லை.) பொருளை எடுக்க மவுஸால் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். கீழே போட்டால் அது உருளும், சாயும், மோதும். முதலில் இரண்டு கைகள் திட்டமிட்டு, சமாளிக்க முடியாமல் ஒரு கையாக்கினார்கள்.

டைனோசர்கள் விஷயத்தில் இந்தப் பிடிவாதம் உச்சத்துக்குப் போனது. முன்கூட்டியே செய்த நடை எதுவும் அவற்றுக்குக் கிடையாது. கால் எங்கே ஊன்ற வேண்டும், உடல் எப்படிச் சாய வேண்டும் என்பதை ஒவ்வொரு கணமும் கணக்கிட்டே அவை நடந்தன. நீங்கள் பார்த்த தள்ளாட்டம் அந்தக் கணக்கின் தள்ளாட்டம். இதற்கு மேல், ஒவ்வொன்றுக்கும் பசி, பயம், கோபம், களைப்பு என்று மனநிலைகளையும் கொடுத்தார்கள். பசித்தால் வேட்டையாடும், பயந்தால் விலகும், வயிறு நிறைந்தால் உங்களைக் கண்டுகொள்ளாமல் போகும் என்பது திட்டம். காகிதத்தில் இதைப் படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு ஆசையாக இருக்கிறது.

நடந்தது வேறு. மனநிலைகள் மாறிமாறி ஒன்றையொன்று இழுத்தன. ஓடலாமா, கடிக்கலாமா என்று முடிவெடுப்பதற்குள் அடுத்த உணர்ச்சி வந்துவிடும். மிருகம் எதையும் செய்யாமல் விக்கித்து நிற்கும். கடைசி நேரத்தில் ஒரே வழிதான் இருந்தது. கோபத்தை உச்சத்தில் வைத்துப் பூட்டி, மற்ற எல்லாவற்றையும் பூஜ்யமாக்கினார்கள். கடைக்கு வந்த டைனோசர்களுக்குத் தெரிந்தது ஒரே உணர்ச்சி. நீங்கள் ஆடியபோது கண்ணில் பட்டதும் எல்லாம் உங்கள்மேல் பாய்ந்திருக்குமே, அது இதனால்தான்.

மற்ற கோளாறுகளும் இப்படியே ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. இயற்பியல் கணக்கில் பொருட்கள் எல்லாம் பெட்டிகள். இரண்டு பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் புகுந்தால், விலகும்வரை கணக்கு அவற்றைத் தள்ளிவிடும். அதனால் அடுக்கி வைத்தவை நடுங்கும், வழுக்கும். கையால் ஓங்கி அடித்தாலும் அடியில் வலு இருக்காது. தடியும் கட்டையும் ஆயுதமாக வேண்டிய இடத்தில் அவை பயன்படாமல் போகவே, தீவு முழுக்கத் துப்பாக்கிகள் கிடக்க ஆரம்பித்தன. தப்பிப் பிழைக்கும் கதை சுடும் கதையானது. அந்தக் கையை வைத்துக்கொண்டு குறிபார்த்துச் சுடுவது எப்படி என்று நீங்களே பார்த்தீர்கள்.

கிராஃபிக்ஸ் விஷயம் துரதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டுகள் பரவுவதற்கு முன்பே, ப்ராசஸரை மட்டும் நம்பி எழுதத் தொடங்கிய எஞ்சின் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அது. பரந்த காட்டைக் காட்டத் தூரத்து மரங்களைத் தட்டைப் படமாக வைத்து, நெருங்கியதும் முப்பரிமாணமாக மாற்றினார்கள். 1997-ல் ‘ஜுராசிக் பார்க்’ வரிசையின் இரண்டாவது படத்தோடு ஒட்டி வர வேண்டியது 1998 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அதற்குள் வன்பொருள் உலகமே மாறியிருந்தது.

சில வாரங்களில் ‘ஹாஃப்-லைஃப்’ என்ற துப்பாக்கிக் கேம் வந்தது. அது இதைவிடப் பல மடங்கு நல்ல கேம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தன் பொய்களை மிக அழகாக மறைத்த கேம். பிற்பாடு ரசிகர்கள் அதையும் ‘பிளாக் மெசா’ என்று மறுஆக்கம் செய்தார்கள். அதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து இழைத்தது ஸென் என்ற கடைசிப் பகுதியைத்தான். மூலத்தில் அவசரமாக முடிக்கப்பட்டது என்று எல்லோரும் குறைசொன்ன பகுதி அது. நன்றாக இருந்த இடங்களை மெருகேற்றினார்கள். மனம் போய் நின்றதென்னவோ ஓட்டையில்.

‘ஏன் இது?’ என்பதற்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. ட்ரெஸ்பாஸரின் ஓட்டைகள் வழியாக உள்ளே பார்க்க முடிகிறது. சோம்பேறித்தனத்தால் கெட்ட கேமில் பிழைக்குப் பின்னால் எதுவும் இருக்காது. இங்கே ஒவ்வொரு பிழைக்குப் பின்னாலும் பாதி கட்டிய ஒரு யோசனை நிற்கிறது. நடுங்கும் பெட்டிக்குப் பின்னால் ஒரு சமன்பாடு, கோபக்கார ராப்டருக்குப் பின்னால் பூட்டிவைத்த பயமும் பசியும். ரசிகர்கள் அந்தப் பூட்டைப் பார்த்தார்கள். பூட்டு என்று தெரிந்தபின் சாவி தேடாமல் இருக்கச் சிலரால் முடிவதில்லை.

முதலில் அவர்களிடம் சோர்ஸ் கோட், அதாவது கேமின் மூல நிரல், இல்லை. கேமின் கோப்புகளைப் பைட் பைட்டாகப் பிரித்துப் படித்து, ட்ரெஸ்எட் என்ற லெவல் எடிட்டரைச் செய்தார்கள். அதை வைத்துத் தீவின் ஒவ்வொரு கல்லையும் நகர்த்திப் பார்த்தார்கள். கேமில் சேராமல் வெட்டப்பட்ட பைன் வேலி போன்ற இடங்களை மிச்சம் மீதியிலிருந்து கட்டியெழுப்ப முயன்றார்கள். பிற்பாடு சோர்ஸ் கோட் கைக்கு வந்தபின் ‘ட்ரெஸ்பாஸர் சி.இ.’ என்ற ரசிகர் பதிப்பு உருவானது. இன்றைய கம்ப்யூட்டர்களில், பெரிய திரையில், தூரத்து மரங்களும் ஒழுங்காகத் தெரிய அது ஓடுகிறது. இந்த உழைப்பு இல்லாவிட்டால் நீங்கள் இதை ஆடிப் பார்த்து வெறுத்திருக்கக்கூட முடியாமல் போயிருக்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. கேம் வடிவமைப்பு படிப்பவர் என்பதால் உங்களுக்கு இது முக்கியம். எதுவரை திருத்தலாம்? ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்பவர்களுக்குப் பழகிய கேள்வி. ஏடெழுதியவர் கைத்தவறு எது, கவிஞரே எழுதியது எது என்று தெரியாமல் திருத்தினால் பாட்டே மாறிவிடும். திரையில் காட்சி வேகமாக ஓடவேண்டும் என்பதில் சண்டை இல்லை. ராப்டருக்குப் பயத்தைத் திருப்பித் தருவதும் ஆக்கியவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பதுதான். ஆனால் அந்தக் கை? அதை எடுத்துவிட்டுச் சாதாரணத் துப்பாக்கிக் கேம்போல ஆக்கினால் ஆடச் சுலபமாக இருக்கும், ட்ரெஸ்பாஸராக இருக்காது. கை தோற்றுப்போன யோசனைதான். ஆனால் அது கைத்தவறு இல்லை, கவிஞர் எழுதியது. நான் பதிப்பாசிரியராக இருந்தால் அதைத் தொடமாட்டேன். புதிய எஞ்சின்களில் முழு மறுஆக்கம் தொடங்கியவர்களும் உண்டு. அவற்றின் படங்கள் அழகாக இருக்கும். எனக்கு அவற்றில் ஈடுபாடு குறைவு.

‘புதிதாக ஒன்று செய்தால் என்ன’ என்கிறீர்கள். செய்தார்களே. ஒரு தீவில் டைனோசர்கள் உலாவும் ‘எக்ஸ்-ஐல்’ என்ற டெமோவோடுதான் க்ரைடெக் நிறுவனம் வெளியே தெரிந்தது. அது வளர்ந்து 2004-ல் ‘ஃபார் க்ரை’ ஆனது, டைனோசர் போய் தீவு மிஞ்சியது. அதே வருஷம் ‘ஹாஃப்-லைஃப் 2’ பொருட்களைத் தூக்கி எறியும் விளையாட்டை ஒழுங்காகச் செய்துகாட்டியது. எப்படி? கையையே தூக்கிவிட்டு, பொருளை இழுக்கும் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து. கெட்டிக்காரத்தனமான பொய். 2013-ல் ‘சர்ஜன் சிமுலேட்டர்’ அந்தத் தடுமாறும் கையைத் திரும்பக் கொண்டுவந்தது, இந்த முறை ஆட்டக்காரர் சிரிப்பதற்காக. ஆக, மற்றவர்கள் புதிதாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ட்ரெஸ்பாஸர்காரர்கள் அதற்குப் போட்டியாக இல்லை. உழைப்பைத் தண்ணீர்க் குழாய்போல ஓரிடத்தில் அடைத்து வேறிடத்தில் திறக்க முடியாது. ஒரு ராப்டரின் பயத்துக்காக இரவெல்லாம் விழித்திருப்பவரைக் கூப்பிட்டு வேறொரு கேமைக் கொடுத்தால் தூங்கப் போய்விடுவார்.

உங்கள் வகுப்பில் சொன்னதும் தவறில்லை. எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்தான். ஆனால் எதைச் செய்யப் போய் அப்படி ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு முறை ஆடுவதாக இருந்தால், சி.இ. பதிப்பில் ஆடுங்கள். முடிக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். கடற்கரையைத் தாண்டிக் காட்டுப் பாதைக்கு வந்ததும் நின்று ஹாமண்ட் பேசுவதைக் கேளுங்கள். அப்புறம் கையில் இருப்பதை ஏதாவது ஒரு பெட்டியின் மேல், விழாமல் வைத்துப் பாருங்கள். எனக்கு ஆன இருபது நிமிடம் உங்களுக்கு ஆகாது என்று நினைக்கிறேன்.

அன்புடன்.