கோயம்புத்தூரில் இருந்துகொண்டு சின்னதாக ஒரு கடல்நீர்ப் பவளத் தொட்டி தொடங்க முடியுமா?

தாராளமா முடியுங்க. இரண்டடித் தொட்டி, முன் அனுபவம் இல்லை, பக்கத்தில் கடலும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "கடலே இல்லாத ஊர்ல இதெல்லாம் எதுக்கு" என்று உங்களிடமும் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். நான் ஈரோட்டுப் பக்கம். என் தொட்டியும் இரண்டடிதான், சுமார் 55 லிட்டர். கடற்கரை ஊர்களிலேயே பலர் கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்புப் பொடி கலந்துதான் வைக்கிறார்கள், கடல் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை.

பிரச்சினை நம்ம ஊர்த் தண்ணி. தொட்டி வாங்கினதும் எங்க மாமா கேட்டார், "ஏனுங் மாப்ளே, நம்ம போர் தண்ணியே உப்பாத்தான கெடக்குது, அதுலயே மீன உடலாமல்லொ?" பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். எங்கள் போர் தண்ணியின் டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்ற கணக்கு, 1,400. கடல் 35,000. போரில் இருப்பது சுண்ணாம்பும், தோட்டத்து உரத்திலிருந்து இறங்கின நைட்ரேட்டும். அதில் கடல் உப்பைக் கரைத்தால் பாசிதான் கொழுக்கும். ஆர்ஓ தண்ணியை டிஐ ரெசினில் (மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் மணிகள்) விட்டு, மீட்டரில் 0 பார்த்த பிறகு லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்பு போடுங்கள். வீட்டு ஆர்ஓவில் டிடிஎஸ் கூட்டும் திருகு இருந்தால் மூடிவிடுங்கள். சிறுவாணி வரும் வீடு என்றால் நீங்கள் பாக்கியசாலி, ரெசின் நீண்ட நாள் உழைக்கும்.

அடுத்தது பொறுமை. கல்லும் உப்புத்தண்ணியும் மட்டும் போட்டு, ஒரு துண்டு இறாலை அழுக விட்டேன். அதில் வரும், மீனுக்கு விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா கல்லில் குடியேற நாலைந்து வாரம் ஆகும். அதுவரை மீன் கிடையாது. ஒரம்பரை வந்தவங்க எல்லாம் "வெறுங்கல்லுக்கா இத்தன செலவு?" என்றார்கள். கடைக்காரர் போனில் "ரெண்டு மீன் எடுத்துக்கங்க, ஒண்ணும் ஆகாது" என்று விடாமல் சொன்னார். நான் அசையவில்லை. அம்மோனியா டெஸ்ட் கிட் குழாயில் கரும்பச்சை நாளுக்கு நாள் வெளுத்து, ஒரு காலையில் சுத்த மஞ்சளாக நின்றது, அதாவது அம்மோனியா இல்லை. நைட்ரைட்டும் இறங்கினதை உறுதி செய்துகொண்டுதான் பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஜோடியை விட்டேன். இரண்டும் இன்றுவரை இருக்கின்றன.

"ஒரிஜினல் ராமேஸ்வரம் கல்" என்று கடலில் எடுத்த பவளக்கல்லை யாராவது நீட்டினால் தொடாதீர்கள். கல்பவளம், கடல்குதிரை எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் மூழ்கிப் போயின. செயற்கைக் கல் போதும். பவளத்துக்கு சட்டப்படி இறக்குமதியான காளான் பவளமும், சின்னப் பூக்கள் மாதிரி கூட்டமாக இருக்கும் ஸோவாந்தஸும் போதும். பில் கேட்டு வாங்குங்கள்.

"வசதி இருக்கறவன் பேசறான்" என்று கீழே எழுத வருவீர்கள், தெரியும். நான் சம்பளக்காரன். டீ, சினிமா என்று போகும் காசுதான் இதில் போகிறது. உண்மையில் வயிறு எரிவது கூரியரால். உப்பு வாளியை வீட்டுக்கே கொண்டுவரத்தான் கட்டணம் வாங்குகிறார்கள், "வீடு பூட்டியிருந்தது" என்று பதிந்துவிட்டு ஆபீசுக்கு வந்து தூக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். அம்மா நாள் முழுக்க திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். புகார் கொடுத்தும் பதில் இல்லை.

வெயிலை மறந்துவிட்டேன். ஏப்ரல், மே மாதங்களில் தொட்டி 30 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். 26 இருந்தால் நல்லது. தண்ணீரின் மேல் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு, ரெசினில் விட்ட ஆர்ஓ தண்ணியைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணியை அல்ல. கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி ஏர் பம்ப்பும் கட்டாயம்.

தொட்டிக்கு முன்னால் சில நூறு ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள். உங்க வீட்டுக் குழாயில் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்க, எந்த ஃபில்டர் தேவைப்படும் என்று சொல்கிறேன்.