தக்காளிக் காயின் அடி கறுத்தால் மருந்து வேண்டாம்
வணக்கம். தருமபுரியில் மொட்டை மாடிப் பையில் வைத்த தக்காளியில் காயின் அடிப்பக்கம் மட்டும் கறுத்துக் குழிகிறது, என்ன மருந்து அடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தே வேண்டாம். இது பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. காய்க்குக் கால்சியம் சரியாகப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் காரணம் ஈரம்தான். ஒரு நாள் காய்ந்து மறுநாள் தண்ணீர் தேங்கினால் வேரால் சத்தை எடுக்க முடியாது. நம்மூர்க் கோடையில் சின்னப் பை மதியத்துக்குள் காய்ந்துவிடும். காலையும் மாலையும் அளவாக ஊற்றுங்கள், மண்ணின் மேலே ராகி வைக்கோலோ நிலக்கடலைத் தோலோ 2 அங்குலம் பரப்புங்கள். கால்சியத்துக்காக முட்டை ஓடு போட்டாலும் அது மக்கவே மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. யூரியா போட்டிருந்தால் நிறுத்துங்கள். அப்புறம், கறுத்த காய்களைக் கிள்ளிவிடுங்கள், அவை தேறாது.