மலக்கசிவு உள்ளவர்களுக்குத் துணி டயப்பர்: கேள்வி பதில்

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, வீட்டு நர்சிங்கில் இருக்கும் சிஸ்டர் பதில் சொல்கிறார்.

சிஸ்டர், மாமியாருக்கு 76 வயது. பக்கவாதம் வந்ததிலிருந்து படுக்கைதான். மோஷன், யூரின் இரண்டுமே போவது தெரிவதில்லை. கடை டயப்பர் கட்டுப்படியாகவில்லை. துணிக்கு மாறலாமா? எவ்வளவு வேண்டும்?

மாறலாம். ஆனால் துணி வாங்குவதற்கு முன்னால் மோஷன் எந்தப் பதத்தில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். துணி தண்ணீரைத்தான் உறிஞ்சும், மலத்தை உறிஞ்சாது. வாழைப்பழப் பதத்தில் வந்தால் அப்படியே மேலே நிற்கும், எடுத்துக் கொட்டிவிடலாம். கூழாகப் போனால் எவ்வளவு தடிமனான துணி வைத்தாலும் தொடை இடுக்கு வழியாக வழிந்துவிடும். அதனால் பதத்தைச் சரிசெய்வதுதான் முதல் வேலை, துணி அதற்கு அடுத்தது.

அளவுக்கு வருகிறேன். பழைய நாலு முழ வேட்டியில் 90 × 60 செ.மீ. துண்டுகள் நான்கு கிடைக்கும். ஒவ்வொன்றையும் மூன்றாக மடித்தால் 30 × 60 செ.மீ. பட்டை. அப்படி இரண்டு பட்டைகளுக்கு நடுவில் அதே அளவு டர்க்கி டவல் துண்டு ஒன்று வைத்தால் ஒரு செட். எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துவிடாதீர்கள். தைத்தால் உள்ளே காயவே காயாது, இரண்டே வாரத்தில் புழுங்கல் வாடை வந்துவிடும். மேலே லைனராக மெல்லிய ஃப்ளீஸ் துணி, அதாவது கம்பளி மாதிரி மிருதுவான பாலியஸ்டர். ஈரத்தைக் கீழே விட்டுவிட்டுத் தான் உலர்வாக இருக்கும், மலமும் அதில் ஒட்டாது. வெளியே பி.யு.எல். கவர், அதாவது உள்பக்கம் ஈரம் கசியாத படலம் ஒட்டிய துணிக் கவர்.

சிறுநீரும் சேர்ந்து போகிறவருக்கு நாளைக்கு ஆறு முதல் எட்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். தினமும் துவைக்க முடிந்தால் 20 முதல் 24 செட், ஐப்பசி கார்த்திகை மழைக்கு இன்னும் ஒரு டஜன். கவர் ஐந்து போதும்.

எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் முதுகுப் பக்கம் வழிந்து படுக்கை நனைகிறது.

இறுக்குவதால் நிற்காது. படுத்திருப்பவருக்கு மலம் பின்பக்கம்தான் நகரும். துணியை முன்னும் பின்னும் சமமாக வைக்காமல், பின்பக்கம் அதிகமாக, இடுப்புக் கோடு வரை வரும்படி வையுங்கள். ஆணாக இருந்தால் சிறுநீருக்காக முன்பக்கம் கூடுதலாக ஒரு மடிப்பு.

கவரை இடுப்புச் சுற்றளவு பார்த்து வாங்கியிருப்பீர்கள். புட்டத்தின் பருமனான இடத்தில் டேப் வைத்து அளந்து வாங்க வேண்டும். கால் எலாஸ்டிக் தொடையின் மேல் ஏறி நிற்காமல், தொடை இடுக்கு மடிப்பிலேயே உட்கார வேண்டும். கட்டி முடித்ததும் விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பாருங்கள். துணியின் ஓரம் ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அது திரி மாதிரி ஈரத்தைப் படுக்கைக்கு இழுத்துவிடும். வயிற்றுப் பக்கம் இரண்டு விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும்.

அப்பாவுக்கு நாலு நாளாகச் சரியான மோஷன் இல்லை. ஆனால் தண்ணியாக அடிக்கடி கொஞ்சம் கொஞ்சம் கசிகிறது. பேதியை நிறுத்தும் லோபரமைட் மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இது பெரும்பாலும் பேதியே இல்லை, மலச்சிக்கல். மலக்குடலில் கெட்டி மலம் அடைத்து நிற்க, மேலிருந்து வரும் தண்ணீர் மலம் அதன் ஓரமாக வழிகிறது. நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகிவிடும். வயிறு உப்பியிருக்கிறதா, சாப்பாடு இறங்காமல் இருக்கிறதா, யூரின் போவதும் தடைப்படுகிறதா என்று பாருங்கள். டாக்டரோ நர்ஸோ விரல் விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அடைப்பு மேலே இருந்தால் மட்டும் கைக்குத் தட்டுப்படாது. எனிமாவோ ஆசனவாயில் வைக்கும் மாத்திரையோ கொடுத்து முதலில் அதை எடுப்பார்கள், பிறகு மலமிளக்கி.

அதோடு மாத்திரைப் பட்டியலையும் காட்டுங்கள். இரும்பு, கால்சியம், டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் இறுக்கும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின், மெக்னீசியம் உள்ள அசிடிட்டி மருந்து, அளவு கூடிய லாக்டுலோஸ் மலமிளக்கி இவை இளக்கும். ஈசப்கோல் இளகிய மலத்துக்குக் கெட்டிப் பதம் கொடுக்கும், ஆனால் தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கும் விழுங்கச் சிரமப்படுபவருக்கும் அது ஆபத்து. நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

மோஷன் எப்போது வரும் என்று கணிக்க முடியுமா?

பலருக்கு முடியும். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையும். காலையில்தான் அது வலுவாக இருக்கும். காபியும் இட்லியும் கொடுத்து 20, 30 நிமிடத்தில் கமோட் நாற்காலியில் உட்கார வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி காலுக்கடியில் ஒரு பலகை. பத்து நிமிடம் போதும், முக்கச் சொல்ல வேண்டாம். தினமும் அதே நேரம். ஒரு வேளை மோஷன் கமோடில் போனாலே துவைக்கும் வேலை பாதி குறைந்துவிடும்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு வைக்கும் மாத்திரையோடு தனி முறை இருக்கிறது, மறுவாழ்வு மருத்துவர் சொல்லிக்கொடுப்பார். மார்பின் மேல்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவருக்கு அந்த நேரத்தில் தலைவலி மண்டையைப் பிளந்து முகம் வியர்த்தால், உடனே நிறுத்தி நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். ரத்த அழுத்தம் எகிறியிருக்கும்.

புட்டம் முழுக்கச் சிவந்து எரிகிறது என்கிறார். டெட்டால் போட்டுத் துடைத்துப் பவுடர் போடுகிறோம்.

இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். மலத்தில் செரிமான நொதிகள் இருக்கின்றன. சிறுநீர் சிதையும்போது வரும் அமோனியா தோலைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோகும், அந்தக் காரத்தில் நொதிகள் இன்னும் வேகமாகத் தோலை அரிக்கும். சோப்பும் காரம்தான். டெட்டால் எரிச்சலைக் கூட்டும். பவுடர் ஈரத்தில் கட்டிகட்டியாகி உராயும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய பருத்தித் துணியை நனைத்து, முன்னாலிருந்து பின்னால் துடையுங்கள். பெண்களுக்கு இதை மாற்றவே கூடாது. ஒட்டியிருப்பதைத் தேய்க்காமல், பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவைத்து எடுங்கள். ஒற்றி உலர்த்திவிட்டு ஜிங்க் ஆக்சைடு க்ரீம் பூசுங்கள். அடுத்த முறை அந்த வெள்ளைப் பூச்சைச் சுரண்ட வேண்டாம், அழுக்கான மேல்பகுதியை மட்டும் துடைத்துவிட்டு மேலே பூசினால் போதும்.

சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை, அதற்கு வேறு மருந்து. எலும்பு மேட்டில் மட்டும் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். அன்றே காட்டுங்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

துவைக்கும் முறையை வரிசையாகச் சொல்லுங்கள்.

கையுறை போட்டு, லைனரைக் கழிப்பறைக்கு மேல் பிடித்து மலத்தைக் கொட்டுங்கள். மீதியை ஹேண்ட் ஷவரில், வேகம் குறைத்து, துணிக்கு மிக அருகில் வைத்து அடித்தால் தெறிக்காது. இந்தக் கட்டத்தில் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் பட்டால் கறை இறுகிவிடும். பிழிந்து, மூடி போட்ட வாளியில் ஈரமாக மட்டும் வையுங்கள், தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் தேக்காதீர்கள்.

மெஷினில் முதலில் பச்சைத் தண்ணீரில் ஒரு ஓட்டு, பிறகு சோப்புத்தூளோடு 60 டிகிரியில், கடைசியில் கூடுதலாக ஒரு அலசல். டிரம்மை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் துணி புரளாது. மெஷின் இல்லாவிட்டால் அலசிய பருத்தித் துணிகளைச் சோப்புத்தூள் கரைத்த கொதிநீரில் 20 நிமிடம் வைத்துத் துவையுங்கள். ஃப்ளீஸ் லைனருக்கும் பி.யு.எல். கவருக்கும் கொதிநீர் கூடாது, இஸ்திரியும் கூடாது. கவரின் உள்ளே ஒட்டியிருக்கும் படலம் பிரிந்துவிடும். வெல்க்ரோவை ஒட்டிவைத்துத் துவையுங்கள். பருத்தியை நல்ல வெயிலில் போடுங்கள், மஞ்சள் கறை வெயிலிலேயே வெளுக்கும். கவருக்கு நிழல்.

துவைத்த துணியிலும் அமோனியா வாடை. தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடுகிறது.

துணியில் படிமம் ஏறிவிட்டது. வாசனைக்குப் போடும் கண்டிஷனர், ஜிங்க் க்ரீம், எண்ணெய், உப்புத் தண்ணீர் எல்லாமே நூலில் படியும். கண்டிஷனரை நிறுத்துங்கள், க்ரீம் பூசினால் லைனர் இல்லாமல் கட்டாதீர்கள். போர் தண்ணீரில் துவைப்பவர்கள் பருத்தித் துணிக்கு மட்டும் ஒரு வாளி சுடுநீரில் இரண்டு மேஜைக்கரண்டி வாஷிங் சோடா கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசலாம்.

ஆன்டிபயாடிக் கொடுத்ததிலிருந்து கடுமையான லூஸ் மோஷன். துணியே தொடரலாமா?

அது நிற்கும்வரை கடை டயப்பருக்கு மாறுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். பெருங்குடல் தொற்றாக இருக்கலாம். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், சானிடைசர் மட்டும் போதாது. ஏற்கெனவே அழுக்கான பருத்தித் துணிகளைத் தனியாக, முழுதாக அலசிய பிறகுதான் ப்ளீச்சில் போட வேண்டும். சிறுநீர் ஊறிய துணியில் நேரடியாக ப்ளீச் ஊற்றினாலும், கழிப்பறை ஆசிட்டோடு கலந்தாலும் நச்சு வாயு கிளம்பும்.

பிரசவத்துக்குப் பிறகு அவசரமாக வந்தால் அடக்க முடியவில்லை, லேசாகக் கறைபடுகிறது. வேலைக்குப் போகிறேன், வயது 31.

உங்களுக்கு டயப்பர் தேவையில்லை தங்கச்சி. ஒரு மெல்லிய துணிப் பேடும், மாற்றியதைப் போட ஜிப் வைத்த பி.யு.எல். பையும் போதும். காற்று பிரிவதை அடக்குவதுபோல ஆசனவாயைச் சுருக்கி ஐந்து நொடி பிடித்து விடுங்கள். பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. போகப்போகப் பத்து நொடி. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பிரசவத்தில் சுருக்குத்தசை கிழிந்திருந்தால் ஸ்கேனில் தெரியும், சரிசெய்யவும் வழி இருக்கிறது.

இன்னொன்று, யாராக இருந்தாலும்: மலக்கசிவு திடீரென்று ஆரம்பித்து, கூடவே கால் பலவீனமும், உட்காரும் இடத்தில் மரத்துப்போவதும், யூரின் வராமல் நிற்பதும் இருந்தால் துணி, பேடு என்று யோசிக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.